கெட்டிக் கண்ணாடியில் திறந்த கண்

டஃபன் கண்ணாடி ஒரே நொடியில் பொடிந்து கொட்டுவதை இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாரும் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காமலே உங்கள் சர்வீஸ் முடியட்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். ஆனால் என் ஆசையைக் கேட்டுக் கண்ணாடி நடக்காது. அதனால் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருந்த ஒரு கண்ணாடிக் கடையில், தூளைக் காற்றோடு பீய்ச்சிக் கண்ணாடியில் படம் செதுக்கும் பிளாஸ்டிங் ரூமில் என் வயதில் பாதியைக் கழித்தவள் நான். தூள் படக் கூடாத இடத்தை மூட ஸ்டிக்கரில் படம் வெட்டும் வேலைக்குத்தான் முதலில் போனேன். பிறகு தூள் பீய்ச்சும் நாசிலும் என் கைக்கு வந்தது. பொம்பளைக்கு எதுக்கு இந்தத் தூசி வேலை என்று கேட்காத ஆள் கிடையாது. ஆம்பளைக்கு மட்டும் தூசி இனிக்குமா என்று திருப்பிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். நாசிலை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, காற்றை எவ்வளவு ஏற்றுவது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. நாலு கண்ணாடியைக் கெடுத்தால் அது தானாக வந்துவிடும். கெடுக்கக் கூடாத கண்ணாடி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் பேச்சு.

நம் ரூமுக்கு வருவதில் பெரும்பங்கு சாதா கண்ணாடி. அதை மேலாக அடித்துப் பனி படர்ந்தது போல வெளுக்க வைத்தால் ஃபிராஸ்ட். ஒரே இடத்தில் நின்று அடித்துக் குழியாக இறக்கினால் டீப். சாதா கண்ணாடி இரண்டுக்கும் பேசாமல் இருக்கும். டஃபன் அப்படியில்லை. அது உலையில் காய்ச்சி, காற்றடித்துச் சட்டென்று ஆற வைத்த கண்ணாடி. தோல் இறுகிப்போய், உள்ளே ஓயாத இழுபறியோடு நிற்கும். நடுவில் கல்லால் தட்டினால்கூடத் தாங்கும். ஃபிராஸ்ட் அடித்தாலும் பொறுத்துக்கொள்ளும். தோலைத் தாண்டிக் குழி இறங்கினால் மட்டும் பொறுக்காது. அப்போதே உடையலாம், மறுநாள் உடையலாம், ஒரு மாதம் கழித்து யாரும் தொடாமலே உடையலாம். எப்போது என்று அது யாருக்கும் சொல்லாது.

எங்கள் ரூமுக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, செஞ்சி முழுக்க அவர் மாஸ்டர்தான். ஆற்று மணலைச் சலித்து அடித்த காலத்திலேயே வேலைக்கு வந்தவர். அந்த மணல் அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஆயுசுக்கும் இருமலைக் கொடுத்தது. அதனால் எங்களை ஒரு கைப்பிடி மணலைக்கூட உள்ளே கொண்டுவர விடமாட்டார். கடை வாங்கித் தரும் பழுப்பு நிறத் தூள் மட்டும்தான். முகமூடி போடாமல் ரூம் வாசலைத் தாண்டினால் வாயில் வருவதெல்லாம் வரும். மூக்கு அரிக்கிறது என்று நீங்கள் முகமூடியை இறக்கிவிட்டுக்கொள்கிறீர்களாம், கேள்விப்பட்டேன். அவர் இருந்திருந்தால் நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பீர்கள்.

மாஸ்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கண்ணாடியில் சாமி படம் அடித்தால் கடையில் கண்ணைத் திறக்க மாட்டார். உடம்பு, நகை, சூலம், சிங்கம் எல்லாம் இங்கே முடியும். கண் இருக்கும் இடம் மட்டும் ஸ்டிக்கர் மூடி அப்படியே போகும். கதவைப் பொருத்திய பிறகு காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கே போய், நல்ல நேரத்தில் கண்ணைத் திறப்பார். கண் ஜொலிக்க வேண்டும் என்பதால் அது மட்டும் டீப். திறந்ததும் அம்மனுக்கு முதலில் முகம் பார்க்கும் கண்ணாடி காட்ட வேண்டும். கண்ணாடியில் இருக்கும் அம்மனுக்கே கண்ணாடி காட்டும் ஒரே ஊர் நம் ஊராகத்தான் இருக்கும் என்று நான் கேலி பண்ணுவேன். அவர் சிரிக்க மாட்டார். ஆனால் ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அதற்காகவே எங்கள் கடையைத் தேடி வந்தார்கள்.

சிங்கவரத்தில் ஒரு குடும்பம் புது வீடு கட்டியது. நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற குடும்பம். மகன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகி ஆறேழு மாதம். பூஜை ரூம் கதவில் குலதெய்வ அம்மனை ஆளுயரக் கண்ணாடியில் அடித்துத் தரச் சொன்னார்கள். பின்னால் குழந்தை குட்டி வளரும் வீடு, உடைந்தால் குத்தாத கண்ணாடியாக வேண்டும் என்று மகன் எங்கள் கடை முதலாளிக்குப் போன் செய்திருக்கிறான். நியாயமான யோசனை. முதலாளியும் டஃபனாகவே வரவழைத்தார்.

பிளாஸ்டிங் ரூமுக்கு அந்தச் செய்தி வந்த விதத்தில்தான் எல்லாம் கெட்டது. கதவருகே நின்று முதலாளி சொன்னது இவ்வளவுதான்: கெட்டிக் கண்ணாடி வந்திருக்கிறது, சிங்கவரத்துக்கு. கவுண்டரில் கெட்டி என்றால் டஃபன். வருகிறவர்களுக்கு டஃபன் என்று சொன்னால் புரியாது, அதனால் அவர்கள் அப்படிப் பழகியிருந்தார்கள். ரூமில் இருந்த எங்களுக்குக் கெட்டி என்றால் தடிமன். மாஸ்டர் விளிம்பைத் தடவிப் பார்த்து, நல்ல கெட்டி, கண்ணைத் தாராளமாக இறக்கலாம் என்று சந்தோஷப்பட்டார். டஃபனின் மூலையில் பொட்டளவுக்கு முத்திரை இருக்குமே என்று கேட்பீர்கள். சில சரக்கில் அதுவும் இருக்காது. இதில் இல்லை.

கிரகப்பிரவேசத்தன்று விடியலில் நானும் மாஸ்டரும் சிங்கவரம் போனோம். சொந்தபந்தம் வருவதற்குள் தூசி வேலை முடிய வேண்டும் என்பதால் அந்த நேரம். மாஸ்டர் கண்ணைத் திறந்தார். அம்மன் எங்களையே பார்ப்பது போல இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மா மாஸ்டருக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். செஞ்சியில் ஒரு பேங்கில் கதவு பொருத்த வேண்டியிருந்தது, நாங்கள் கிளம்பிவிட்டோம்.

அன்று சாயங்காலம் கடையில் ஒருவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் வந்துகொண்டிருந்த வீடியோ. புது வீடு, நாதஸ்வரம், பட்டுப் புடவைக் கூட்டம். நடுவில் நாங்கள் அடித்த அம்மன். அந்த வீட்டு மருமகள், பவித்ரா என்று பெயர், கற்பூரத் தட்டை அம்மன் முகத்துக்கு நேராக உயர்த்திச் சுற்றுகிறாள். இரண்டாவது சுற்றில் டயர் வெடித்தது போல ஒரு சத்தம். கதவு முழுக்க ஒரே வெள்ளையாகி, சரசரவென்று கொட்டி, அம்மன் இருந்த இடத்தில் வெறும் சட்டம் நின்றது. தலையிலும் தோளிலும் கண்ணாடிப் பொடியோடு அந்தப் பெண் தட்டை இறக்காமல் அப்படியே நின்றாள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "இவ கை பட்டதும் அம்மா வெளிய போயிட்டா பாரு." அதோடு வீடியோ முடிந்தது. கீழே சாமி குத்தம் என்று எழுதி யாரோ அனுப்பியிருந்தார்கள்.

என்னை உலுக்கியது கண்ணாடி உடைந்தது இல்லை, தொழிலில் கண்ணாடி உடையத்தான் செய்யும். உடைந்த சத்தம் அடங்குவதற்குள் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்களே, அந்த வேகம்தான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

திரும்பத் திரும்ப அந்த வீடியோவைப் பார்த்தேன். சாதா கண்ணாடி அப்படிக் கொட்டாது. நீள நீளமாக, கத்தி கத்தியாக விழும். முதலாளியிடம் போய் அது சாதாதானே என்று கேட்டேன். கெட்டின்னு சொல்லித்தானே கொடுத்தேன், அது டஃபன்தான் என்றார். டஃபனில் கண்ணை டீப்பாக இறக்கியிருக்கிறோம் என்றேன். அவர் கவுண்டர் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "அவங்களே சாமி குத்தம்னு சொல்றாங்க. நம்ம கடை பேரு எங்கியும் வரல. நீயா போயி நெருப்ப மடியில கட்டிக்காத."

அவர் கெட்டவர் இல்லை. என் மகள் காலேஜ் சேர்ந்தபோது கேட்காமலே உதவியவர். அப்படிப்பட்ட மனிதர் வாயிலிருந்து அது வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதைவிட ஒன்று சொல்லட்டுமா? மாஸ்டர் இல்லாத நேரம் பார்த்து அதை ரூமில் சொன்னேன், கேட்ட எல்லாருக்கும் மூச்சு சீராக வந்தது. எனக்கும்தான்.

இரண்டொரு நாளில் சிங்கவரத்திலிருந்து சேதி வந்தது. பவித்ராவைப் புது வீட்டுக்குள் விடுவதில்லையாம். பின்னால் இருந்த பழைய வீட்டில் தனியாக இருக்கிறாளாம். அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்து, அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு பண்ணப் போகிறார்களாம். சேதி வந்த மறுநாளே அமாவாசை.

நான் மாஸ்டரிடம் போனேன். அவர் அந்த வீடியோ வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். முதலாளிக்கும் எனக்கும் நடந்த பேச்சு அவருக்குத் தெரியாது, சொல்ல யாருக்கும் துணிவில்லை. நல்ல நேரம் பார்த்துத்தான் திறந்தேன், என் கையில் என்ன தோஷமோ, அம்மன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார். அது டஃபன் மாஸ்டர் என்றேன். கம்ப்ரஸர் மேல் வைத்திருந்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தார். "கெட்டின்னுதானே சொன்னாங்க" என்றார். அவங்க கெட்டி வேற, நம்ம கெட்டி வேற என்றேன். தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டி, "இம்மாம் ஆழம் எறக்கனேன்" என்று முணுமுணுத்தார். பிறகு ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உங்க இஷ்டம் என்றார், தடுக்கவில்லை.

சிங்கவரம் வீட்டில் நாலைந்து சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகன் ஒரு மூலையில் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். உடைந்த கண்ணாடியைச் சாக்கில் வாரிக் கொல்லையில் வைத்திருந்தார்கள், எறிந்தால் தோஷம் என்று யாரும் தொடவில்லை. நான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். இந்தக் கண்ணாடியில் குழி இறங்கக் கூடாது, எங்கள் கடைக்குள்ளேயே ஒரு வார்த்தை தவறிப்போனது, கண்ணை ஆழமாகத் திறந்துவிட்டோம், உடைந்தது அதனால் என்றேன்.

வீட்டுக்கார அம்மா என்னை நம்பவில்லை. அவரைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பயந்துபோயிருந்தார். ஒரே மகன், கடன் வாங்கிக் கட்டிய வீடு, முதல் நாளே இப்படி. அவர் கேட்ட கேள்வியும் சரியான கேள்விதான். "நீ சொல்றது மாதிரின்னா நீங்க தொறந்தப்பவே ஒடைஞ்சிருக்கணும். அவ தட்டு தூக்கனப்பதான் ஒடையணுமா?"

கூட்டமே என் வாயைப் பார்த்தது. அப்போதுதான் அந்த வீடியோ கண் முன்னால் ஓடியது. தட்டை எங்கே காட்டினாள்? முகத்துக்கு நேரே, கண்ணுக்கு நேரே. எல்லாரும் அங்கேதானே காட்டுவோம். ஏற்கெனவே தோல் கிழிந்து நின்ற இடத்தில் கற்பூரச் சூடு பட்டிருக்கிறது. யார் காட்டியிருந்தாலும் உடைந்திருக்கும், நீங்களே காட்டியிருந்தாலும் உடைந்திருக்கும் என்றேன். கொல்லைக்குப் போய்ச் சாக்கைக் கவிழ்த்தேன். எல்லாம் கல்கண்டு கல்கண்டாகக் கிடந்தது. அதைத் துழாவித் துழாவி, மற்றதைவிடப் பெரிசாக ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு துண்டுகளைக் கண்டுபிடித்தேன். டஃபனில் விரிசல் பிறந்த இடத்துத் துண்டு அப்படித்தான் கொஞ்சம் பெரிசாக இருக்கும். இரண்டையும் சேர்த்தால் அம்மனின் வலது கண். சரியாகக் குழியின் அடியில் பிளந்திருந்தது. கொண்டுபோய் அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். இதுவே சாதா கண்ணாடியாக இருந்திருந்தால் உங்கள் மருமகள் முகமே மிஞ்சியிருக்காது என்றும் சொன்னேன்.

அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு மாஸ்டரிடம் திரும்பினார். "அப்ப அம்மாவுக்குக் கோவம் இல்லியா?"

மாஸ்டர் ஓரத்திலிருந்து முன்னால் வந்தார். சாமிக்குக் கண் திறப்பவர் என்று பேர் வாங்கிய மனிதர். இந்த வாசலில் தப்பு என்னுடையது என்று சொன்னால் அந்தப் பேர் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஒரு முறை இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "கண்ணத் தொறந்தது என் கை. கோவம்னு ஒண்ணு இருந்தா அது என் மேல வரணும்மா. அந்தப் பொண்ணு மேல ஏன் வருது?"

மகன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இத்தனை நாள் எங்கே போயிருந்தது அந்த அழுகை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வீட்டுக்கார அம்மா மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பின்பக்கம் திரும்பி, வந்தவங்களுக்குத் தண்ணி கொண்டா பவித்ரா என்று குரல் கொடுத்தார். அவள் கொண்டுவந்த சொம்பை முதலில் அவரே வாங்கிக் குடித்தார். கிரகப்பிரவேசத்திலிருந்து அவள் கையால் யாரும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் காதில் சொன்னபோது, நான் குடித்த தண்ணீர் எனக்குப் புரையேறிவிட்டது.

மறுபடியும் அந்தக் கதவுக்கு அம்மனை அடித்துக் கொடுத்தோம். இந்த முறை சாதா கண்ணாடியில் எல்லா வேலையையும் கண் உட்பட முடித்து, அதற்குப் பிறகுதான் சென்னைப் பக்கம் உலைக்கு அனுப்பி டஃபன் ஆக்கினோம். குழி முதலில், உலை பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கவுண்டரிலிருந்து எந்தக் கண்ணாடி வந்தாலும் சாதாவா, டஃபனா என்று வாயைத் திறந்து கேளுங்கள். கெட்டியா என்று கேட்காதீர்கள். அந்த வார்த்தையை நம் ரூமில் யார் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். மாஸ்டரைச் சாமி வேலைக்குக் கூப்பிடுவது அதன்பிறகு குறைந்துதான் போனது. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்று நாங்கள் கிளம்பும்போது பவித்ரா தெரு முனை வரை கூடவே வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம்மா, தப்பு எங்களுடையது என்று முந்திக்கொண்டேன். அவள் தலையை ஆட்டினாள். மாஸ்டர் முன்னால் நடந்துவிட்டாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"நீங்க வந்து சொல்ற வரைக்கும் நானும் என்னாலதான்னு நம்பிட்டேன்க்கா. சின்ன வயசுலேந்து இன்னா பாவம் பண்ணேன்னு ஒண்ணொண்ணா நெனச்சிப் பாத்துக்கினு இருந்தேன்."

அவள் அந்தப் பழைய வீட்டில் உட்கார்ந்து தன் பாவங்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், நாங்கள் கடையில் டீ குடித்துக்கொண்டு, நல்ல வேளை, நம்மை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.